பாலில் இரும்பு சேர்க்கும் முன்: காறாமல் கனியுப்புக் கலப்பது எப்படி?

வீட்டில் நாலைந்து மாடு வைத்துக்கொண்டு போத்தல் பால், தயிர், சுவையூட்டிய பால் என்று சின்ன அளவில் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, பாலுக்கு இரும்புச்சத்துச் சேர்த்து விற்கலாமா?" நல்ல எண்ணம்தான். பசுப்பாலில் கல்சியம் லீற்றருக்கு 1200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இரும்போ அரை மில்லிகிராம் இருந்தாலே அதிகம். சோறு கறிக்கு மாறாமல் பாலையே குடித்து வளரும் சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் முதல்முறை செய்தபோது இருபது லீற்றர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பெரஸ் சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றி, போத்தலில் அடைத்துப் பிரிட்ஜில் வைத்தேன். அடுத்த நாள் பால் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் அயல்வீட்டு ஆச்சி போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். "பிள்ளை, பால் புளிக்கேல்லை. ஆனா மட்டைப்பெட்டி மணம் அடிக்குது" என்றார். மிகச் சரியாகச் சொன்னார். பாலில் கிருமி பெருகவில்லை. அதன் கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்து கெட்டிருந்தது. அந்தக் கெடுதலைத் தூண்டிவிட்டது நான் சேர்த்த இரும்பு.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர் ஒவ்வொரு படியாகச் செய்துபார்க்கும் விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வில் பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு வகை உண்டு. பாலின் மொத்தக் கொழுப்பில் அது நூற்றில் ஒரு பங்குதான், ஆனால் எளிதில் ஒட்சியேறக்கூடிய கொழுப்பமிலங்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. காறல் தொடங்கும் இடமும் அதுவே. கொழுப்பு குறைந்த பாலிலும் இந்த மணம் வருவதற்குக் காரணம் இதுதான். ஆடையை எடுத்தாலும் சவ்வின் துணுக்குகள் பாலில் தங்கிவிடும்.

ஒட்சிசன் கொழுப்பில் ஏறும்போது முதலில் பரவொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அது உடைந்து அல்டிகைட்டு, கீற்றோன் வகைப் பொருள்கள் வரும்போதுதான் மூக்குக்குத் தெரிகிறது. அந்த உடைப்பைப் பல மடங்கு வேகமாக்குகிறவை செப்பும் இரும்பும். இரண்டும் இரண்டு மின்னேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறிப் போய்வரக் கூடியவை. ஈரேற்ற இரும்பு ஒரு பரவொட்சைட்டை உடைத்து மூவேற்ற இரும்பாகும்; அது இன்னொன்றை உடைத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு உடைப்பிலும் சுயாதீன மூலிகம் என்ற, எதையும் உடனே பற்றும் துணுக்கு ஒன்று பிறந்து பக்கத்துக் கொழுப்பைத் தாக்கும். இரும்பு செலவாவதே இல்லை. லீற்றருக்குச் சில மில்லிகிராம் போட்டாலும் முழுப் பாலும் கெடுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

நாகம் (சிங்க்), கல்சியம், மகனீசியம் மூன்றும் அப்படி நிலை மாறுவதில்லை. அதனால் அவை நேரடியாகக் காறலைத் தூண்டுவதும் இல்லை. "கனியுப்புச் சேர்த்தால் பால் காறும்" என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்தக் கனியுப்பு, எந்த வடிவில், எந்தக் கட்டத்தில் சேர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாத்திரத்தைப் பாருங்கள், பொடியை வாங்குவது பிறகு

பாலைக் காறவைப்பதில் இரும்பைவிடக் கொடியது செப்பு. பசுப்பாலில் இயற்கையாகவே செப்பு உண்டு. அளவு மிக மிகக் குறைவு, அதிலும் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்திருக்கும். வெளியிலிருந்து வந்து சேரும் செப்புதான் ஆபத்து. லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் அளவு சேர்ந்தாலே சில நாளில் மணம் தெரியும். நீங்கள் வேண்டுமென்று சேர்க்கப்போகும் இரும்பு 10 மில்லிகிராம் என்றால், தெரியாமல் சேரும் செப்பு அதன் நூற்றில் ஒரு பங்கே இருந்தாலும் வேலையைக் கெடுத்துவிடும்.

ஆகவே பால் போகும் வழி முழுவதையும் ஒருமுறை கையோடு தடவிப் பாருங்கள். பித்தளைக் குழாய்வாய், பித்தளை வடி, பழைய செப்புக் குடம், ஈயப் பூச்சுத் தேய்ந்துபோன அகப்பை. அம்மம்மா காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வீட்டுக்கு வீடு வருவார் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பூச்சு பாலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நின்ற வேலி. இன்று பூசுகிறவரைத் தேடிப் பிடிப்பது கடினம். எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள். பூச்சு உரிந்த இரும்புவாளியும் வேண்டாம்.

தண்ணீரும் இதில் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் இறைப்பது சுண்ணாம்புக்கல்லின் அடியில் கிடக்கும் நீர். அந்த நீரில் கழுவிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். அந்தப் படிவோடு பாலின் புரதமும் கொழுப்பும் ஒட்டிக் காய்ந்து, அடுத்த நாள் பாலுக்குள் கரையும். மாதம் சில தடவையாவது உணவுத்தர அமிலத்தால் கழுவ வேண்டும். தாங்கியிலிருந்து வரும் குழாய் துருப்பிடித்திருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது.

மூக்கைப் பழக்குங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் முழு வேலையின் உயிர் என்று தோன்றுகிறது. ஆய்வுகூடம் இல்லாத நமக்கு மூக்கும் நாக்கும்தான் கருவி, அவற்றைப் பழக்காமல் எந்தப் பரிசோதனையும் பயன்தராது.

நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த ஒரே பாலை நான்கு சிறு கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். முதலாவதை அப்படியே தகரத்தாளால் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். இரண்டாவதற்குள் மின்கம்பியின் மேலுறையை உரித்தெடுத்த செப்புக் கம்பித் துண்டு ஒன்றை, நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போட்டு, அதையும் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவதைச் சுற்றாமல் முற்றத்து வெயிலில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நான்காவதில் கொஞ்சம் காய்ச்சாத பாலைக் கலந்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். செப்புப் போட்டதையும் பச்சைப்பால் கலந்ததையும் குடிக்கக் கூடாது, மணம் மட்டும் பாருங்கள்.

இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடுத்து இளஞ்சூடாக்கி முகருங்கள். குளிர்ந்த பாலில் மணம் எழும்பாது. செப்புப் போத்தலில் முதலில் பாலின் இனிமை போய்ச் சப்பென்று இருக்கும். பிறகு நனைந்த கடதாசி மட்டை மணம். விட்டுவைத்தால் பழைய எண்ணெய், சிலவேளை மீன் வாடை வரைக்கும் போகும். இதே கேடு குடிக்கக்கூடிய பாலில் வந்தால் நாக்கில் காசை வைத்ததுபோல் ஒரு உலோகச் சுவையும் தெரியும். வெயில் போத்தலில் வருவது வேறு. அது சுட்ட மயிர், அவித்த கோவா போன்ற மணம். பாலிலுள்ள விற்றமின் பி2 ஒளியைப் பிடித்துப் புரதத்திலுள்ள மெதியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைப்பதால் வருவது. உலோகத்துக்கு அதில் வேலை இல்லை. நான்காவது போத்தலில் சவர்க்காரம் போன்ற, தொண்டையில் கமறும் காறல் வரும். பச்சைப்பாலின் இலிப்பேசு நொதியம் கொழுப்பைப் பிரிப்பதால் அது வருகிறது, அதற்கு ஒட்சிசனே தேவையில்லை.

ஊரில் மூன்றையும் "பால் காறிப்போச்சு" என்றே சொல்வோம். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. ஒளியால் வந்த கேட்டுக்கு இரும்பை மாற்றிப் பயனில்லை, நொதியத்தால் வந்ததற்குப் போத்தலை மூடிக்கட்டிப் பயனில்லை.

எந்த உப்பை வாங்குவது?

கல்சியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே சிக்கல் காறலில் இல்லை. கல்சியம் காபனேற்றும் முக்கல்சியம் பொஸ்பேற்றும் கரையாமல் அடியில் மண்போலப் படியும். கல்சியம் குளோரைட்டும் இலக்டேற்றும் கரையும், ஆனால் அதிகம் போட்டுச் சூடாக்கினால் பால் திரிந்துவிடும். பாலில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிற ஒன்றை மேலும் சேர்க்க இவ்வளவு பாடு தேவையா என்பதே என் கேள்வி.

நாகத்துக்குச் சல்பேற்றோ ஒட்சைட்டோ போதும். கொழுப்புக்குப் பயமில்லை. சல்பேற்று அளவு கூடினால் நாக்கு துவர்க்கும், அவ்வளவுதான்.

இரும்பில்தான் யோசிக்க வேண்டும். பெரஸ் சல்பேற்று மலிவு, நன்றாகக் கரையும், உடம்பும் நன்றாக உறிஞ்சும். பாலைக் காறவைப்பதிலும் அதுவே முன்னுக்கு நிற்கும். எளிதில் கரைவது உடம்புக்கு எவ்வளவு வசதியோ, கொழுப்புச் சவ்வைத் தொடுவதற்கும் அவ்வளவு வசதி. மறுபக்கத்தில் பெரிக் பைரோபொஸ்பேற்று வெள்ளைப் பொடி. பாலில் கரையாது, நிறத்தையும் மணத்தையும் தொந்தரவு செய்யாது. ஆனால் உடம்பு அதை உறிஞ்சுவது சல்பேற்றைவிடக் குறைவு. பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்றாக உறிஞ்சப்படும். இரண்டுக்கும் நடுவில் பெரஸ் பிஸ்கிளைசினேற்று இருக்கிறது. இரும்பைக் கிளைசின் என்ற அமினோ அமிலம் இரண்டு பக்கமும் பிடித்திருப்பதால் உறிஞ்சல் மிக நல்லது, விலைதான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனமும் உலக உணவு விவசாய நிறுவனமும் 2006இல் வெளியிட்ட உணவுச் செறிவூட்டல் வழிகாட்டியில் திரவப் பாலுக்கு எடுத்துச் சொன்னவை பெரிக் அமோனியம் சித்திரேற்று, பெரஸ் பிஸ்கிளைசினேற்று, நுண்பொடியாக்கிய பெரிக் பைரோபொஸ்பேற்று ஆகிய மூன்றும். பெரஸ் சல்பேற்றை விற்றமின் சியோடு சேர்த்துப் பால்மாவுக்குத்தான் சொன்னார்கள். நான் முதலில் செய்த பிழை இந்த வேறுபாடு தெரியாமல் செய்ததுதான்.

விற்றமின் சி பற்றி ஓர் எச்சரிக்கை. அது இரும்பை உறிஞ்ச உதவும், உண்மை. ஆனால் செப்பு இருக்கும் பாலில் கொஞ்சமாக விற்றமின் சி போனால் ஒட்சியேற்றம் கூடவும் செய்யும், நிறையப் போனால்தான் காக்கும். அதனால் தேசிக்காய்த் துளியை நம்பி இறங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் உணவுத்தரம் என்று பொதியில் எழுதியிருக்க வேண்டும். பயிருக்குப் போடும் சல்பேற்று மலிவாகக் கிடைக்கும், அதைத் தொடவே வேண்டாம். இரும்பு உப்பு அளவு கூடினால் சின்னப் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து, பூட்டி வையுங்கள்.

கரைசல் தயாரித்தல்

கிணற்று நீரில் பெரஸ் சல்பேற்றைக் கரைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி நிறமாகிவிடும். நம் தண்ணீரிலுள்ள இருகாபனேற்றால் ஈரேற்ற இரும்பு விரைவாக ஒட்சியேறி மண்டியாகிறது. காய்ச்சி வடித்த நீரை மருந்துக்கடையில் வாங்குங்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், நிறம் மாறினால் ஊற்றிவிடுங்கள்.

பளிங்காக வரும் பெரஸ் சல்பேற்றில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. 5 கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இரும்பு இருக்கும். பிஸ்கிளைசினேற்றுக்கும் அதே கணக்கு. பைரோபொஸ்பேற்றில் இரும்பு நாலில் ஒரு பங்கு, ஆகவே 4 கிராம். கரையாது, ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுக்க வேண்டும். நாக சல்பேற்று 4.4 கிராம். பொதியில் எழுதியுள்ள வீதம் வேறாக இருந்தால் அதற்கேற்பக் கணக்கை மாற்றுங்கள். நகைக்கடைத் தராசு போல நூற்றில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், தேக்கரண்டி அளவு சரிவராது.

சிறு போத்தல் பரிசோதனை

முழுத் தாங்கிப் பாலில் கைவைப்பதற்கு முன் 200 மில்லிலீற்றர் போத்தல்களில் செய்யுங்கள். எல்லாப் போத்தலுக்கும் ஒரே நேரம் காய்ச்சிய ஒரே பால் இருக்க வேண்டும். சில மாடுகளின் பால் எந்த உலோகமும் சேராமலே தானாகக் காறும், சிலதின் பால் அசையாமல் நிற்கும். பச்சைப் புல் தின்ற மாட்டின் பாலில் விற்றமின் ஈ கூடுதல், அது கொழுப்பைக் காக்கும். வைகாசி தொடங்கி மழை வரும்வரை வைக்கோலையே நம்பியிருக்கும் மாட்டின் பால் அந்தக் காவலை இழந்து நிற்கும். மார்கழியில் வெற்றி பெற்ற கலவையை ஆடியில் மறுபடி பரிசோதித்தே ஆகவேண்டும்.

ஒன்றில் எதுவும் சேர்க்காதீர்கள். மற்றவற்றில் பெரஸ் சல்பேற்று, பிஸ்கிளைசினேற்று, பைரோபொஸ்பேற்று, நாகம் என்று போத்தலுக்கு ஒன்றாக 0.2 மில்லிலீற்றர் விடுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு காட்டும் இன்சுலின் ஊசியில் 20 என்ற கோடு அந்த அளவு. லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஆகும். எந்தப் போத்தலில் என்ன என்று அடியில் இலக்கம் ஒட்டி, விவரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். தகரத்தாளால் சுற்றி 4 பாகையில் வையுங்கள்.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் நாள்களில் சுவைபாருங்கள். இளஞ்சூட்டில் மூன்று குவளை வையுங்கள்: இரண்டில் ஒரே பால், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மை என்று எடுக்கலாம். இலக்கத்தின் பொருள் தெரிந்த நீங்கள் அந்தப் பன்னிரண்டு பேரில் இருக்கக் கூடாது.

இலக்கத்தில் பதில் வேண்டுமென்றால் ஆய்வுகூடம் போக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம். பரவொட்சைட்டுப் பெறுமானம் ஒரு சோதனை. தயோபார்பிற்றூரிக் அமிலம் சேர்த்து, பரவொட்சைட்டு உடைந்து வந்த பொருளால் உண்டாகும் இளஞ்சிவப்பு நிறத்தை 532 நனோமீற்றர் ஒளியில் அளப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பரவொட்சைட்டு ஏறி, பிறகு உடைந்து இறங்கும். இறங்கும் நேரத்தில் அளந்தால் கெட்ட பாலும் நல்ல பால்போல் இலக்கம் காட்டும்.

முழு அளவில் செய்யும்போது

பச்சைப் பாலில் இரும்பைப் போட்டு வைத்திருக்க வேண்டாம். நொதியமும் இரும்பும் ஒன்றாக வேலை செய்தால் இரண்டு வகைக் காறலும் சேர்ந்து வரும். பாலை 80 பாகைக்கு மேல் சூடாக்குங்கள். கிருமியைக் கொல்லும் சாதாரணப் பாச்சராக்கத்துக்கு 63 பாகையில் அரைமணி, அல்லது 72 பாகையில் 15 விநாடி போதும். ஆனால் 80ஐத் தாண்டும்போது மோர்ப்புரதத்திலிருந்து கந்தகத் தொகுதிகள் வெளிப்பட்டு ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றன. காய்ச்சிய பாலில் வரும் அந்த மணமே அவற்றின் அடையாளம். அண்ணம்மாருக்கும் அக்காமாருக்கும் நான் சொல்வது, காய்ச்சிய மணத்துக்குப் பயந்து சூட்டைக் குறைக்காதீர்கள். நம் ஆட்கள் காய்ச்சிய பாலைத்தானே குடித்து வளர்ந்தார்கள்.

காற்றைக் குறையுங்கள். உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கவைப்பது, மத்தால் அடிப்பது எல்லாம் ஒட்சிசனை உள்ளே தள்ளும். போத்தலைக் கழுத்துவரை நிரப்புங்கள். கடையின் ஒளிபாயும் கண்ணாடி அலுமாரியில் வெள்ளைக் கண்ணாடிப் போத்தலை வைத்தால் இவ்வளவு பாடும் வீண், நிறப் போத்தல் அல்லது மட்டைப்பெட்டி எடுங்கள்.

சுத்தமாகக் கறந்து சுத்தமாக அடைத்த பாலில்தான் இந்த மணம் கூடுதலாகத் தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கிருமி நிறைந்த பாலில் கிருமியே ஒட்சிசனைத் தின்றுவிடும், பால் காறுவதற்கு முன் புளித்துவிடும். முந்தி யாரும் இதைப் பெரிதாகப் பேசாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் பால் சுத்தமாக ஆக, இந்தக் கவனமும் கூட வேண்டும்.

விற்பனைக்கு என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலே பேசுங்கள். நம் நாட்டில் உணவு விற்பனையை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. "இரும்புச்சத்து" என்று சுட்டுத்துண்டில் எழுதுவதானால், எவ்வளவு என்பதையும் சரியாக எழுத வேண்டும்.

கடைசியாக, வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று. இரும்பு சேர்ந்த பாலைத் தேயிலைச் சாயத்தில் ஊற்றினால் தேத்தண்ணி சாம்பல் கலந்த கறுப்பாகத் தெரியும். தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்வதால் வரும் நிறம் அது. பால் பழுதாகவில்லை, ஆனால் அப்படிச் சேர்ந்த இரும்பை உடம்பு எடுக்காது. கரையும் உப்பில் நிறம் கடுமையாக மாறும், பைரோபொஸ்பேற்றில் குறைவு. "இந்தப் பாலைப் பிள்ளைக்குத் தனியாகக் கொடுங்கோ, தேத்தண்ணிக்கு வேறு பால் எடுங்கோ" என்று போத்தலைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.